எஸ்எஸ்-ஜிபி: ஜெர்மனி லண்டனைப் பிடித்திருந்தால்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிபிசியின் ‘எஸ்எஸ்-ஜிபி’ தொடரைப் பார்க்கச் சொல்லி நண்பர்கள், உறவினர்கள் என்று பலரை நச்சரித்திருக்கிறேன். பார்த்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களோடு போன் செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். கதையின் முடிச்சை அவிழ்க்கும் இடங்களில் முன்கூட்டியே எச்சரிக்கை உண்டு.

இது நிஜமா நடந்ததா? லண்டனை ஜெர்மனி பிடிச்சதா நான் படிச்சதே இல்லையே?

நடக்கவில்லை. ‘நடந்திருந்தால்’ என்ற கற்பனைதான். 1940 கோடையில் பிரிட்டன் வானில் நடந்த விமானப் போரில் ஜெர்மனி ஜெயித்துவிட்டது, படைகள் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி வந்துவிட்டன, பிரிட்டன் சரணடைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு கதை தொடங்குகிறது. காலம் 1941 நவம்பர். சர்ச்சிலைச் சுட்டுக் கொன்றாயிற்று, ராஜா லண்டன் கோபுரத்தில் கைதி.

உண்மையில் ஹிட்லர் 1940 ஜூலை 16 அன்று படையெடுப்புக்குத் தயாராகச் சொல்லி உத்தரவு போட்டார். ‘கடல் சிங்கம்’ என்பது அந்தத் திட்டத்தின் பெயர். வானத்தைப் பிடிக்க முடியாததால் செப்டம்பர் 17 அன்று அதைக் காலவரையின்றி ஒத்திவைத்தார்கள். தொடர் நிற்பது அந்த இரண்டு மாத இடைவெளியில்தான்.

கதையைக் கெடுக்காம, என்ன கதைன்னு மட்டும் சொல்லுங்க.

டக்ளஸ் ஆர்ச்சர், லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டின் பெயர்பெற்ற துப்பறியும் அதிகாரி. மேஃபேர் பகுதியில், ஷெப்பர்ட் மார்க்கெட் என்ற சின்னச் சந்துகளுக்குள் ஒரு பழம்பொருள் கடை. அதற்கு மேல்மாடியில் ஒருவன் சுடப்பட்டுக் கிடக்கிறான். கள்ளச்சந்தைத் தகராறு மாதிரித் தெரிகிறது. இந்தச் சில்லறைக் கொலையை விசாரிக்க பெர்லினிலிருந்து ஒரு பெரிய அதிகாரி விமானம் ஏறி வந்து இறங்குகிறார். அது ஏன் என்பதுதான் கதை.

முதல் காட்சியை மட்டும் கவனித்துப் பாருங்கள். பக்கிங்ஹாம் அரண்மனை இடிந்து கிடக்கிறது. அதற்கு எதிரே உள்ள மால் சாலையில் ஒரு ஸ்பிட்ஃபயர் விமானம் வந்து இறங்குகிறது. பிரிட்டன்காரர்கள் தங்கள் மானத்தைக் காத்ததாகக் கொண்டாடும் விமானம் அது. அதன் வாலில் ஸ்வஸ்திகா. தோல்வி எத்தனை முழுமையானது என்று சொல்ல இதற்கு மேல் வசனம் தேவைப்படவில்லை.

எத்தனை எபிசோடு? ரெண்டாவது சீசன் உண்டா?

ஐந்தே எபிசோடு. 2017 பிப்ரவரி 19 முதல் மார்ச் 19 வரை, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒளிபரப்பானது. இரண்டாவது சீசன் எடுக்கவில்லை. முடிவு கொஞ்சம் திறந்தே நிற்கும். அதற்காக என்மேல் கோபப்படாதீர்கள்.

லென் டைட்டன் 1978-ல் எழுதிய நாவல்தான் மூலம். திரைக்கதை நீல் பர்விஸ், ராபர்ட் வேட். ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்கு எழுதிய அதே இரட்டையர்கள். இயக்குநர் பிலிப் காடல்பாக் ஒரு ஜெர்மானியர். ஜெர்மன் பாத்திரங்களை ஜெர்மன் நடிகர்களே செய்திருக்கிறார்கள், தங்களுக்குள் ஜெர்மன் மொழியிலேயே பேசிக்கொள்கிறார்கள். ஆக்கிரமிப்பு என்றால் என்ன என்பதைக் காதால் உணர இது பெரிய உதவி.

ஹீரோ பேசுறது ஒண்ணுமே புரியல. என் டிவி ஸ்பீக்கர் போயிடுச்சா?

ஸ்பீக்கரை மாற்றிவிடாதீர்கள். ஆர்ச்சராக வரும் சாம் ரைலி தொண்டைக்குள்ளேயே பேசுகிறார். முதல் எபிசோடு முடிந்ததும் இங்கிலாந்துக்காரர்களே ‘புரியவில்லை’ என்று பிபிசிக்குப் புகார் அனுப்பினார்கள். தாய்மொழிக்காரர்களுக்கே அந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்? சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு அந்த முணுமுணுப்பு பிடித்திருந்தது என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். யார் காதில் விழுமோ என்று பயந்து வாழும் ஊரில் எவன் வாய்விட்டுப் பேசுவான்? ஆனால் அது வேண்டுமென்றே செய்ததா, ஒலிப்பதிவுக் கோளாறா என்று நான் சத்தியம் செய்யத் தயாரில்லை.

1941-ல ஜெர்மனியும் ரஷ்யாவும் சண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்களே? இதுல ஏன் கட்டிப்பிடிச்சுக்கிறாங்க?

கூர்மையான கேள்வி. வரலாற்றில் ஜெர்மனியும் சோவியத் யூனியனும் 1939 ஆகஸ்டு 23 அன்று ஒருவரை ஒருவர் தாக்குவதில்லை என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. ஹிட்லர் அதை 1941 ஜூன் 22 அன்று முறித்தார். தொடரின் உலகத்தில் அது இன்னும் முறியவில்லை. பிரிட்டனை ஜீரணிக்கும் வேலையிலேயே ஜெர்மனி இருக்கிறது.

அமெரிக்கப் பத்திரிகையாளர் பார்பரா பார்கா எப்படி லண்டனில் சுதந்திரமாகத் திரிகிறார் என்பதற்கும் விடை நாட்காட்டியில்தான் இருக்கிறது. அமெரிக்காவைப் போருக்குள் இழுத்த பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்தது 1941 டிசம்பர் 7. கதை நடப்பது அதற்கு முந்தைய மாதம். அமெரிக்கா அப்போது நடுநிலை நாடு, அதன் பாஸ்போர்ட்டுக்கு மதிப்பு உண்டு. நவம்பரைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

கெல்லர்மன், ஹுத் ரெண்டு பேரும் ஒரே எஸ்எஸ் தானே? அப்புறம் ஏன் ஒருத்தனை ஒருத்தன் கவுக்கப் பார்க்கிறான்?

எஸ்எஸ் என்பது ஹிட்லர் கட்சியின் தனிப்படை, ராணுவத்திலிருந்து வேறானது. ஒரே யூனிஃபார்ம், வேறு வேறு முதலாளிக் கணக்கு. கெல்லர்மன் லண்டனில் உட்கார்ந்திருக்கும் மேலதிகாரி. சிரித்த முகம், தாத்தா மாதிரிப் பேச்சு, ஆங்கிலேயக் கனவான் வாழ்க்கைமேல் ஒரு மோகம். அவருக்குத் தன் நாற்காலி முக்கியம். ஹுத் பெர்லினிலிருந்து எஸ்எஸ் தலைவர் ஹிம்லரின் நேரடி ஆளாக வருகிறவர். லார்ஸ் ஐடிங்கர் நடித்திருக்கிறார். இரக்கமே இல்லாதவர், ஆனால் பொய் வேஷம் போடாதவர். மூன்றாவது எபிசோடு வருவதற்குள் இந்த இருவரில் யாரை அதிகம் வெறுப்பது என்று குழம்பிவிடுவீர்கள். எனக்குக் கெல்லர்மன்தான்.

இந்தச் சண்டைக்கு வெளியே இன்னொரு சண்டையும் ஓடுகிறது, ஜெர்மன் ராணுவத்துக்கும் எஸ்எஸ்ஸுக்கும் இடையே. ராஜாவைக் காவல் காப்பது யார், பிணத்தோடு கிடைத்த ரகசியம் யாருக்கு என்று இரண்டும் முட்டிக்கொள்கின்றன. எதிர்ப்பு இயக்கத்தின் கர்னல் மேஹ்யூ இந்த விரிசலில்தான் ஆப்பு வைக்கிறார். நாஜி அரசு ஓர் ஒழுங்கான இயந்திரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இலாகாக்கள் ஒன்றை ஒன்று தின்ற இடம் அது. தொடர் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது.

கைது பட்டியல், ஆளெடுப்பு எல்லாம் கதைக்காகச் சேர்த்ததா, இல்ல உண்மையாவே ஜெர்மனி திட்டம் போட்டிருந்துதா?

திட்டம் இருந்தது, அதுவும் காகிதத்தில் தெளிவாகவே. பிரிட்டனில் இறங்கியதும் பிடிக்க வேண்டியவர்கள் என்று எஸ்எஸ் தலைமை 2,820 பெயர்களை அகர வரிசையில் அச்சடித்து வைத்திருந்தது. சர்ச்சில், எச்.ஜி. வெல்ஸ், வர்ஜீனியா உல்ஃப் எல்லோரும் அதில் உண்டு. சிக்மண்ட் ஃப்ராய்டின் பெயரும் இருந்தது. அவர் 1939 செப்டம்பரிலேயே லண்டனில் இறந்துபோயிருந்தார்! பட்டியல் போட்டவர்களுக்கு அது தெரியவில்லை.

ஃபிரான்ஸ் சிக்ஸ் என்ற பேராசிரியரை லண்டனுக்கு எஸ்எஸ் தலைவராக நியமித்தும்விட்டார்கள். 17 முதல் 45 வயதுவரை உடல்திறன் உள்ள ஆண்களைப் பிடித்து ஐரோப்பாவுக்கு அனுப்புவது என்று ராணுவத் தலைமை 1940 செப்டம்பரில் உத்தரவே எழுதி வைத்திருந்தது. தொடரில் ஆண்களைத் தெருவில் மடக்கும் காட்சி வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்போ பிரிட்டிஷ் மண்ணை ஜெர்மனி தொடவே இல்லையா?

தொட்டது. பிரான்ஸ் கரையை ஒட்டிக் கிடக்கும் கால்வாய்த் தீவுகள் பிரிட்டிஷ் மகுடத்துக்கு உட்பட்டவை. கேர்ன்சி, ஜெர்சி உள்ளிட்ட அந்தத் தீவுகளை 1940 ஜூன் கடைசியில் ஜெர்மனி பிடித்தது. கேர்ன்சியும் ஜெர்சியும் விடுதலையானது 1945 மே 9 அன்று, ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழித்து. கடிகாரத்தை ஜெர்மன் நேரத்துக்குத் திருப்பினார்கள், வண்டிகளை வலப்பக்கம் ஓட்டச் சொன்னார்கள், 1942-ல் வானொலிப் பெட்டிகளைப் பறித்தார்கள்.

அங்கே எடுத்த சில புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள். தலையில் அந்த உயரமான ஹெல்மெட்டோடு ஒரு சாதாரண பிரிட்டிஷ் கான்ஸ்டபிள் ஜெர்மன் அதிகாரியோடு நின்று பேசிக்கொண்டிருப்பார். வழி சொல்கிற மாதிரி, வெகு இயல்பாக. டக்ளஸ் ஆர்ச்சர் முழுக்கக் கற்பனை இல்லை என்று எனக்குப் புரிந்தது அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான்.

அதே கேர்ன்சி போலீசின் இரண்டு முகங்களையும் சொல்லிவிடுகிறேன். 1942-ல் தீவில் இருந்த மூன்று யூதப் பெண்கள் நாடுகடத்தப்பட்டார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆஜராகச் சொல்லித் தகவல் கொடுத்தது உள்ளூர்ப் போலீஸ். மூவரும் ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு, அதே போலீஸைச் சேர்ந்த 17 பேர் ஜெர்மன் கிடங்குகளில் உணவு திருடியதாக விசாரிக்கப்பட்டார்கள். பலரை ஐரோப்பியச் சிறைகளுக்கு அனுப்பினார்கள், ஒருவர் திரும்பி வரவே இல்லை.

(முடிச்சு அவிழும், பார்க்காதவர்கள் தாண்டிவிடுங்கள்) பிணத்துல வெயில் பட்ட புண் மாதிரி இருந்துச்சே, அது என்ன?

நவம்பர் மாத லண்டனில் வெயிலில் கருகின தோல்! அந்த முரண்பாடுதான் ஆர்ச்சரை உறுத்துகிறது. அது வெயில் இல்லை, கதிர்வீச்சு. செத்தவன் பழம்பொருள் வியாபாரியும் இல்லை, அணு ஆராய்ச்சி செய்த விஞ்ஞானி. பிரிட்டனின் அணுகுண்டு ஆராய்ச்சி யார் கைக்குப் போகும் என்பதற்காகத்தான் இத்தனை அடிதடி.

‘1941-ல் பிரிட்டனிடம் அணுகுண்டு ஆராய்ச்சியா?’ என்று பலர் நம்ப மறுத்தார்கள். நிஜம்தான். 1940 மார்ச்சில் பர்மிங்காமில் ஓட்டோ ஃபிரிஷ், ருடால்ஃப் பயர்ல்ஸ் என்ற இரண்டு பேர், சில கிலோ அளவு யுரேனியமே குண்டுக்குப் போதும் என்று கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்தார்கள். இருவரும் ஹிட்லருக்குத் தப்பி வந்த யூத அகதிகள். அந்நியர்கள் என்பதால் ரேடார் ஆராய்ச்சியில் அவர்களைச் சேர்க்கவில்லை. அதனால்தான் குண்டைப் பற்றி யோசிக்க நேரம் கிடைத்தது.

அணு ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்ட கனநீர் என்ற அபூர்வத் தண்ணீரின் கதை இன்னும் சுவாரசியம். நார்வேயில் தயாரான 185 கிலோ கனநீர் பிரான்சுக்குப் போய், 1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்தபோது கப்பலில் பிரிட்டனுக்கு வந்தது. பத்திரமான இடம் தேடி அதை முதலில் ஒரு சிறைச்சாலையில் வைத்தார்கள், அப்புறம் விண்ட்சர் கோட்டையில் அரச நூலகரின் பொறுப்பில் விட்டார்கள். புத்தகம் அடுக்குகிற மனிதரிடம் அணு ரகசியம்! ஜெர்மனி அப்போது லண்டனுக்கு வந்திருந்தால் அந்தத் தகரக் கேன்கள் கோட்டைக்குள்ளேயே கிடைத்திருக்கும்.

(இதுவும் முடிச்சு) எதிர்ப்பு இயக்கத்துக்காரங்க நல்லவங்கதானே? பின்ன ஏன் எனக்கு அவங்களையும் பிடிக்கல?

உங்களைப் பிடிக்க வைப்பது தொடரின் நோக்கமும் இல்லை. ஆர்ச்சரின் செயலாளர் சில்வியா மட்டும்தான் கோபத்தை நேராகக் காட்டுகிறாள். மேஹ்யூ மாதிரி மேல்தட்டு ஆட்கள் சதுரங்கம் ஆடுகிறார்கள். ராஜாவை மீட்பது அவர்களுக்கு ராஜபக்தி விஷயம் இல்லை, அமெரிக்காவைப் போருக்குள் இழுக்க ராஜா எந்த வகையில் பயன்படுவார் என்ற கணக்கு. கடைசி எபிசோடை இந்தக் கணக்கை மனதில் வைத்து மறுபடி பாருங்கள், சில பார்வைகளுக்கு அர்த்தமே மாறும்.

கார்ல் மார்க்ஸ் கல்லறையைத் தோண்டுற காட்சி எதுக்கு? நிஜத்துல அப்படி ஏதாவது நடந்துச்சா?

மார்க்ஸ் புதைக்கப்பட்டது லண்டன் ஹைகேட் கல்லறையில். நட்பின் அடையாளமாக அவர் எலும்புகளை மாஸ்கோவுக்கு ஜெர்மனி அன்பளிப்பாகக் கொடுக்கிறது என்பது கதை. கம்யூனிஸ்டுகளைச் சிறையில் தள்ளியவர்கள் மார்க்சுக்கு அணிவகுப்பு மரியாதை செய்கிறார்கள். தொடரிலேயே கறுப்பான நகைச்சுவை இதுதான். நிஜத்தில் மாஸ்கோவுக்கெல்லாம் போகவில்லை. ஆனால் 1954-ல் அதே ஹைகேட்டுக்குள் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். இன்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் அந்தப் பெரிய தலைச்சிலை வந்தது 1956-ல்.

‘ஃபாயில்ஸ் வார்’ பார்த்திருக்கேன். அதுவும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை. அதுவும் இரண்டாம் உலகப் போர்க்காலத் துப்பறியும் தொடர்தான், ஆனால் அதில் ஹேஸ்டிங்ஸ் நகரம் சுதந்திரமாக இருக்கிறது. அதன் நாயகன் ஃபாயில் தூங்கி எழும்போது தன் அரசுக்குத்தான் வேலை செய்கிறார். ஆர்ச்சருக்கு அந்த நிம்மதி கிடையாது. ‘தி மேன் இன் தி ஹை காசில்’ தொடரோடும் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது அமெரிக்கா தோற்றுப்போன கற்பனை, துப்பறியும் கதை அல்ல.

கற்பனை வேண்டாம், நிஜமான ஆக்கிரமிப்பு வேண்டும் என்றால் ‘அன் வில்லாஜ் ஃப்ரான்சே’ என்ற பிரெஞ்சுத் தொடர் இருக்கிறது, 72 எபிசோடு. துப்பறியும் தொடர் இல்லை. ஆனால் அதில் வரும் போலீஸ் அதிகாரி மார்செத்தி, ஆர்ச்சரின் சொந்தக்காரன் மாதிரியே இருப்பான்.

ஆர்ச்சர் ராஜினாமா செஞ்சிட்டுப் போயிருக்கலாமே? நேரா சொல்லுங்க, அவன் துரோகியா இல்லையா?

அதிகம் சண்டை வந்தது இந்தக் கேள்வியில்தான். ஆர்ச்சர் சொல்லும் நியாயம் எளிமையானது. ஆட்சி யாருடையதாக இருந்தாலும் கொலைகாரன் கொலைகாரன்தானே, அவனை யாராவது பிடிக்க வேண்டாமா? குண்டுவீச்சில் மனைவியை இழந்தவன், வீட்டில் ஒரு சின்னப் பையன். நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் பிடித்துக் கொடுத்த பிறகு குற்றவாளி போகும் இடம் பழைய கோர்ட்டு இல்லை. திருடனைப் பிடிக்கும் அதே ஃபைல், அதே போன், அதே ஜீப் நாளைக்கு இன்னொருவரைப் பிடிக்கவும் போகும். கேர்ன்சியில் மூன்று பெண்களுக்கு என்ன நடந்தது என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்தச் சேதியைக் கொண்டுபோனவர்களும் கடமையைத்தான் செய்தார்கள்.

பாரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1942 ஜூலை 16, 17 இரண்டு நாளில் ஏறத்தாழ 13,000 யூதர்களை வீடு வீடாகப் போய்ப் பிடித்தது ஜெர்மானியர்கள் அல்ல, பிரெஞ்சுப் போலீஸ். அதே பாரிஸ் போலீஸ் 1944 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்து, தலைமையகத்தைக் கைப்பற்றி, ஜெர்மானியர்மேல் துப்பாக்கி நீட்டியது. டென்மார்க்கில் நேர்மாறு. போலீஸை நம்ப முடியாது என்று 1944 செப்டம்பரில் ஜெர்மனியே அவர்களை வளைத்துப் பிடித்து, ஏறத்தாழ 2,000 பேரைப் புக்கன்வால்ட் முகாமுக்கு அனுப்பியது.

என் பதில்: முதல் எபிசோடில் அவன் துரோகி இல்லை, தன்னையே ஏமாற்றிக்கொள்பவன். அப்புறம் ஏமாற்றிக்கொள்ள இடம் குறைந்துகொண்டே போகிறது. ‘நான் என் வேலையை மட்டும் பார்க்கிறேன்’ என்ற வார்த்தை எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் எனக்கு இந்தத் தொடர். கொலைகாரன் யார் என்பது இரண்டாம் பட்சம்.

நம்மளை இருநூறு வருஷம் ஆண்டவன் கற்பனையில அடிமைப்பட்டா நமக்கென்ன தம்பி? நல்லா அனுபவிக்கட்டும்னு விடாம, எதுக்கு உட்கார்ந்து பார்க்கணும்?

பெரியப்பா ஒருவர் கேட்டது. பாதி கிண்டல், பாதி நிஜம். நீங்கள் சொன்னதில்தான் நமக்கும் இந்தத் தொடருக்கும் உள்ள சொந்தமே இருக்கிறது பெரியப்பா. வெளியிலிருந்து வந்தவன் மேலே உட்கார்ந்துகொண்டு, உள்ளூர் ஆளுக்கே காக்கி மாட்டி, உள்ளூர் ஆளைப் பிடிக்க வைப்பது லண்டன்காரர்களுக்கு ஒரு பயங்கரக் கற்பனை. நம் ஊரில் அது தினசரி நிர்வாகம். கெல்லர்மன் ஆர்ச்சரின் தோளில் தட்டிக்கொடுக்கும்போது எனக்கு வெள்ளைக்கார எஸ்.பி.க்கு முன்னால் நிற்கும் நம் சப்-இன்ஸ்பெக்டர்தான் தெரிகிறார்.

1930-ல் ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்தில் உப்பு அள்ளப் போனார்களே, அப்போது அங்கே வைரப்பன் என்று ஒரு முடிதிருத்தும் தொழிலாளி இருந்தார். ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவர், அவர் சத்தியாகிரகிகளை அடக்க வந்த போலீஸ்காரர் என்று தெரிந்ததும் கத்தியை நிறுத்திவிட்டார். மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, மிச்சத்தைச் சிரை என்றபோதும் மறுத்துவிட்டார். ஆறு மாதச் சிறை. வேதாரண்யத்தில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது. அந்தப் போலீஸ்காரரின் பெயர் யாருக்கும் நினைவில்லை. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அவர் அங்கிருந்து எழுந்து நடந்திருப்பார். ஆர்ச்சரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த முகம்தான்.